அளக்காமல் விட்ட வளைவு

மீகஸ்தொட
21.01.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு லீவு கிடையாது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கால்வலி எப்படி? சசிக்கு இருமல் விட்டதா? மச்சான் சுகம்தானே?

இங்கே எனக்கு என்ன வேலை என்று மூக்காயி அத்தை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உப்பு அளக்கிற வேலை என்று சொல்லுங்கள். ஓப்பநாயக்கவில் நம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற வே கங்கை, இரத்தினபுரியில் களு கங்கையோடு சேர்ந்து, இந்தப் பக்கம் வந்து களுத்துறையில்தான் கடலில் விழுகிறது. மழை பெய்தால் ஆறு கடலைத் தள்ளும். மழை இல்லாவிட்டால் கடல் ஆற்றுக்குள் ஏறும். உப்புத் தண்ணீர் கனமானது. மேலே நல்ல தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே அது அடியில் ஊர்ந்து வரும். பார்த்தால் தெரியாது.

தினம் இரண்டு தடவை, கடல் ஏறுகிற நேரம் பார்த்து, எங்கள் வள்ளக்காரர் பளீல் நானாவோடு வள்ளத்தில் போய் ஐந்து இடங்களில் அடித்தண்ணீர் எடுக்கிறேன். லாபில் அதில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சளாக இருந்தது செங்கல் நிறமாகும். எத்தனை சொட்டில் மாறுகிறதோ அதை வைத்து லீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்கிடுகிறோம். பம்பு வாசலில் இருநூற்றைம்பதைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கீழே டவுனுக்குக் குழாய்த்தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை.

இன்று பம்புக்கு இரண்டு மைல் கீழே நூற்றி நாற்பது. மழை எப்போது வரும் என்று இஞ்சினியர் மாத்தயா வானத்தைப் பார்க்கிறார். அங்கே மழை உண்டா?

சசிக்கு என் முத்தம்.

தம்பி,
இந்திரகுமார்

*

ஓப்பநாயக்க
04.02.1996

அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சசிக்கு இருமல் விட்டுவிட்டது. என் கால் பழையபடிதான். பிள்ளை மடுவத்தில் பதினெட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் கால் வலிக்காமல் இருக்குமா?

இங்கே ஒரு துளி மழை இல்லை. கொழுந்து கருகுகிறது. கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை தருகிறார்கள். அதனால் உன் மச்சான் பொங்கல் முடிந்த மறுநாளே கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர்தான், போய்ச் சேர்ந்து தானே எழுதுவதாகச் சொன்னார்.

கொழும்பில் குண்டு வெடித்து இன்றோடு ஐந்து நாள். அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. எந்த இடத்தில் வேலை என்று எனக்குத் தெரியாது. வெடித்த பிறகு தமிழ் ஆட்களை லொட்ஜ் லொட்ஜாகப் பிடிக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா, பொலிஸில் இருக்கிறாரா என்று யாரிடம் கேட்பது? ரேடியோவில் பேர் வாசிக்கும்போது மூக்காயி அத்தையை உட்கார வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன்.

நீ சிங்களம் நன்றாகப் பேசுவாய். எப்படியாவது விசாரித்து எழுது. நீயும் அடையாள அட்டை இல்லாமல் வெளியே இறங்காதே.

அக்கா,
ஜீவராணி

*

மீகஸ்தொட
12.02.1996

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். மச்சானுக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்த ஒருவர் சொன்னார். நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார். பயப்பட வேண்டாம். அவரே எழுதுவார்.

இங்கே உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று நான்காவது இடத்தில் நூற்றித் தொண்ணூறு.

தம்பி,
குமார்

*

ஓப்பநாயக்க
25.02.1996

தம்பிக்கு,

நீ எழுதிய மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த அன்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். சசி தேங்காய்த் துண்டு கேட்டு அழுதாள். அதுவரை அவள் அழுததுகூட எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் பார்த்தவர் யார் என்று நீ எழுதவில்லை. எங்கே பார்த்தார் என்றும் இல்லை.

போன வியாழக்கிழமை ஒரு லொறி டிரைவர் வந்து, அவர் தந்ததாக ஒரு பையைக் கொடுத்தான். அழுக்குச் சட்டை இரண்டு, சாரம் ஒன்று, சசிக்கு ரிப்பன். “எங்கேருந்து வர்றீங்க?” என்று கேட்டேன். களுத்துறைப் பக்கம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, இல்லை கொழும்பு என்றான். சட்டையைத் துவைத்தேன். தையலுக்குள் இருந்து மணல் வந்தது. கட்டட மணலும் ஆற்று மணல்தான், அதனால் அது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பையில் பஞ்சு இருந்தது. பஞ்சில் இரத்தம் இருந்தது.

நீ படித்தவன், ஆற்றிலேயே வேலை செய்கிறவன், உன்னிடம் கேட்கிறேன். அந்தப் பக்கம் ஆறு எவ்வளவு ஆழம்? ஒரு மனிதன் ஆழத்தில் முங்கி முங்கி எழுந்தால் காதிலிருந்து இரத்தம் வருமா?

நீ வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

ஜீவராணி

*

மீகஸ்தொட
17.03.1996

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு வேலையைத்தான் காரணம் சொல்ல வேண்டும். உடம்பு பரவாயில்லை. நித்திரைதான் சரியாக இல்லை. அங்கே நீங்களும் சசியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உப்பைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மண் மூட்டை அணை கட்டி முடித்துவிட்டோம். கடும் வறட்சி வருகிற வருஷங்களில் கட்டுவார்களாம். தென்னங்குற்றிகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவே மூட்டைகளை அடியிலிருந்து அடுக்கி வருவது. மேலே நல்ல தண்ணீர் வழிந்து போகும். அடியில் ஊர்ந்து வருகிற உப்பு, மூட்டையில் முட்டி நின்றுவிடும். எட்டாயிரம் மூட்டை போட்டிருக்கிறோம். பம்பு வாசலில் இப்போது அறுபதுதான். இஞ்சினியர் மாத்தயா சிரிக்கிறார்.

அணை கட்டுவதற்கு முன் ஆற்றின் அடி எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ஈயக் குண்டு கட்டிய கயிற்றால் அளந்து வரைபடம் போட வேண்டும். அதையும் நானும் பளீல் நானாவும்தான் செய்தோம். பம்புக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவு முடிகிற இடத்தில்தான் ஆறு ஒடுங்குகிறது, அதனால் அணை அங்கே. எல்லா இடமும் அளந்தோம். அனேகமாக எல்லா இடமும்.

ஆழம் கேட்டிருந்தீர்கள். எங்கும் ஒன்பது, பத்து அடிதான். காதைப் பற்றி எனக்குத் தெரியாது.

குமார்

*

ஓப்பநாயக்க
20.03.1996

தம்பி இந்திரகுமாருக்கு,

உன் கடிதம் வந்த கையோடு இதை எழுதுகிறேன். குழந்தைகள் தூங்குகிறார்கள், எழும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

நீ பொய் சொல்லத் தெரியாதவன். அனேகமாக என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதும்.

உன் மச்சான் அந்த வளைவில் மணலுக்கு முங்குகிறார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய். அவர் எழுதாதே என்று கேட்டிருப்பார். மாணிக்கக் குழி சரிந்து இரண்டு பேர் செத்தபோது அவர் குழிக்கு மேலே நின்றதால் தப்பினார். இனிமேல் மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இறங்க மாட்டேன் என்று சசியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர். அதனால்தான் என்னிடம் கட்டட வேலை என்று சொன்னார்.

அவர் மேல் எனக்குள்ள கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்த இடத்தை அளக்காமல் விட்டிருந்தால், போய் அள. அளந்ததை எழுது. பொலிஸ் வந்து அவரைப் பிடிக்கும் என்று நீ பயப்படுகிறாய். நானும்தான் பயப்படுகிறேன். அவரை முதலில் அங்கிருந்து கிளப்பு, பிறகு எழுது. ஆனால் எழுதாமல் விடாதே. இங்கே பதினெட்டுக் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறவள் நான். கொதிக்க வைத்தால் உப்பு போகாது என்று எனக்குத் தெரியும்.

எனக்காக என்று நினைத்து எதையும் மறைக்காதே.

அக்கா

*

மீகஸ்தொட
07.04.1996

அக்கா,

நீங்கள் மார்ச் இருபதில் எழுதிய கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. தோட்டத்தில் ஸ்ட்ரைக் என்று தபால் பை ஒபீசிலேயே கிடந்ததாம். உறையின் மேல் இரண்டு முத்திரை இருக்கிறது. அது பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று நான் நினைக்கவே கூடாது. கடிதம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

அணை உடைந்துவிட்டது. நாலாம் தேதி, பௌர்ணமிக் கடலேற்றம். காலை ஆறரை மணிக்கு நாங்கள் வள்ளத்தில் போனபோது மேலே எல்லாம் சரியாக இருந்தது. நடுவில் மட்டும் தென்னங்குற்றிகள் பல் விழுவது மாதிரிச் சாய்ந்திருந்தன. மூட்டைகள் அணையை ஒட்டி அடியில் இருந்த பள்ளத்துக்குள் சரிந்து, அந்த வழியாக உப்புத் தண்ணீர் முழுவதும் உள்ளே போயிருந்தது. பம்பு வாசலில் ஆயிரத்து நானூறு. நான் ஓடி வந்து நிறுத்தச் சொல்வதற்குள் டவுனுக்குப் போகிற தண்ணீர்த் தாங்கியில் பாதி அந்த உப்புத் தண்ணீர்தான். ஆற்றின் அடியில் உள்ள குழிகளில் உப்பு போய் உட்கார்ந்துவிட்டது. கடல் இறங்கினாலும் அது இறங்காது.

நடந்ததைச் சொல்கிறேன். பெப்ரவரி பத்தாம் தேதி காலையில் வளைவில் தண்ணீர் எடுக்கப் போனபோது, வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு தலை மேலே வந்தது. வாளி நிறைய மணலைப் பக்கத்து வள்ளத்தில் கொட்டிவிட்டு, விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தால் மச்சான்.

“மாப்புள, அக்காவுக்கு எழுதிறாதீங்க” என்றார். முதல் வார்த்தையே அதுதான்.

“கொழும்புலன்னு சொல்லிட்டு இங்க என்னா செய்றீங்க?”

“அங்க யாரு எனக்கு வேல வச்சிருக்கான்? இந்த மணல் மொதலாளிதான் கூப்ட்டாரு.”

“இது பம்புக்குக் கிட்ட. தோண்டக் கூடாதுன்னு போர்டு போட்ருக்கு பாருங்க.”

“வருசப் பொறப்பு வரைக்குந்தான். வெளியூர்த் தமிழ் ஆளு பொலிஸ்ல பதியணும், நான் பதியாம இருக்கேன். நீங்க ஒரு வார்த்த எழுதினா மணலுக்காகப் பிடிக்க மாட்டாங்க. வேற பேரு போட்டுப் பிடிப்பாங்க. குண்டு வெடிச்சி பத்து நாள்தானே ஆவுது.”

அதுதான் என்னை மடக்கியது, அக்கா. அது உண்மை.

மார்ச் மாதம் அளக்கப் போனபோது வளைவில் பளீல் நானா வள்ளத்தை நிறுத்தினார். நான் கயிற்றை இறக்கவில்லை. மேலே ஒன்பது, கீழே ஒன்பது, அதனால் நடுவிலும் ஒன்பது என்று எழுதினேன். அளந்தால் எழுத வேண்டும், எழுதினால் யார் தோண்டியது என்று பொலிஸ் வரும். உடைந்த பிறகு நேற்று இறக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு அடி.

டவுனில் குழாய் இல்லாததால் சந்தைக்குப் பின்னால் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்து குடித்திருக்கிறார்கள். இதுவரை நாற்பது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பளீல் நானாவின் கடைசி மகள் றம்ஸியாவுக்கு இரண்டு வயது. கண் உள்ளே போய்க் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிறார்கள். அவர் மனைவி ஸுலைஹா கட்டில் பக்கத்தில் தரையில் இருக்கிறார். நான் போய் நின்றேன். வெளியே வந்து நானாவிடம் சொன்னேன், அந்த ஒன்பது அடி பொய் என்று.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியும். நீங்க கயித்த எறக்கல்ல, நானும் ஒண்டும் செல்லல்ல. நான்தானே அந்தக் கயித்தச் சுத்தி வெச்ச” என்றார். அந்த ஆள் யாரென்று கேட்கவும் இல்லை. “சொந்தக்காரன் எண்டு மொகத்தப் பாத்தாத் தெரியாதா?” என்றார்.

நாளை காலை இஞ்சினியர் மாத்தயாவிடம் சொல்லப் போகிறேன். பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்களுக்கு உடம்பு எப்படி என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

குமார்

*

ஓப்பநாயக்க
11.04.1996

தம்பி,

சொல்லிவிட்டாயா? அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள்? இரண்டையும் உடனே எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

நான் வருவதற்குக் கிளம்பினேன். சசிக்கு நேற்று முதல் காய்ச்சல். அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் ஏறி அங்கே வந்து நான் என்ன செய்வேன் என்று மூக்காயி அத்தை நிறுத்திவிட்டார்.

மச்சானைப் பார்த்தால், எனக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் சொல். திட்டினேன் என்று சொல்லாதே. திட்டவில்லை என்றும் சொல்லாதே.

அக்கா

*

மீகஸ்தொட
18.04.1996

ஜீவராணிக்கு காத்தமுத்து எழுதிக்கிறது.

நான் சொகமா இருக்கேன். நீயும் புள்ளயும் சொகமா இருக்கணும். சசிக்குக் காச்சல் விட்டிச்சா? எனக்கு எழுத்து சரியா வராது, நீ எழுத்துக் கூட்டிப் படிச்சிக்க.

தம்பி சொன்னான் ஒனக்கு எல்லாம் தெரியும்னு. அத கேட்டதும் வள்ளத்திலயே குந்திட்டேன்.

எட்டாந்தேதி தம்பி பெரிய மாத்தயாகிட்ட சொல்லிட்டான். அவரு, பொய்யி எழுதினத பத்தி பொறவு பாப்போம், அந்தக் குழிய மூடணும், குழியோட வாயி எங்க இருக்கு, சொவரு எந்தப் பக்கம் சரியும்னு தெரிஞ்ச ஆளு வேணும், தோண்டினவன் கெடைப்பானான்னு கேட்டாராம். தம்பி என்கிட்ட வந்தான். பஸ் சார்ஜ தந்து, “மச்சான், நீங்க இப்பவே வீட்டுக்குப் போயிருங்க, வேற ஆள் பாப்பாங்க”ன்னான். பஸ்ஸில ஏறி ஒக்காந்துட்டேன். பஸ் எடுக்கல. டவுன்ல சனங்க தண்ணி கொண்டுவர்ற பவுசருக்குப் பின்னால வாளியோட ஓடுதுங்க. அதில ஒரு பொம்பள வயித்துப் புள்ளக்காரி. எறங்கிட்டேன்.

நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆறு நாள் முங்கினோம். மேல இருந்து மூட்டைய கயித்தில விடுவாங்க, நாங்க கீழ கொண்டுபோயி குழிக்குள்ள அடுக்கணும். மண்ண எடுக்கிறது சுளுவு. திருப்பி வக்கிறது அப்பிடி இல்ல. கீழ உப்புத் தண்ணி கண்ணுக்குள்ள எரியும், ஒண்ணும் தெரியாது, கையால தடவித்தான் வைக்கணும். அஞ்சாவது நாளு வலது காதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டிச்சி. அதுக்குப் பொறவு அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல. சத்தியத்த மீறினதுக்குன்னு நெனச்சிக்கிட்டேன். நீ அப்பிடி நெனைக்காத.

இப்ப அணை நிக்கிது. தம்பி அளந்து பாத்து உப்பு எரநூறுக்குக் கீழ எறங்கிடிச்சின்னான். பளீல் நானா மக ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டா. பிஸ்கட் கேக்கிறாளாம். அத சொல்லும்போது அவரு அழுதாரு.

நாளைக்கழிச்சி வர்றேன். கதவ தெறப்பியா?

காத்தமுத்து

*

மீகஸ்தொட
06.05.1996

அன்புள்ள அக்கா,

மச்சான் வந்து சேர்ந்தது, சசி ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எல்லாம் உங்கள் கடிதத்தில் கண்டு மனம் கொஞ்சம் ஆறியது. காதுக்கு மருந்து விடாமல் போட வேண்டும்.

நான்கு நாளாக மழை. ஆறு சிவப்பாக ஓடுகிறது. உப்பு பன்னிரண்டு, பதினைந்து என்று இறங்கிவிட்டது. எல்லாரும் வறட்சியை மறந்துவிட்டார்கள். நான் மட்டும் காலையில் எழுந்தவுடன் அந்த எண்ணைத்தான் நினைக்கிறேன்.

இருபத்தோராம் தேதி விசாரணை. மூன்று பேர் வருகிறார்கள். பொய் அளவு எழுதியதற்கு வேலை போகும், அது நியாயம். பயம் அதுவல்ல. வருகிறவர்களில் ஒருவர் இஞ்சினியர் மாத்தயாவிடம் போனில் கேட்டாராம், “டவுனுக்குப் போகிற தண்ணீரில் ஒரு தமிழ்ப் பையன் உப்பை விட்டிருக்கிறான். இது கவலையீனமா, வேண்டுமென்றே செய்ததா?” என்று. மாத்தயா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கவலையீனம் என்றால் வேலை போவதோடு முடியும். மற்றது என்றால் பொலிஸுக்குப் போகும். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் எழுதினாய் என்று கேட்டால், என் பிழை என்று மட்டும் சொல்வேன். தோண்டியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. முங்கினவர்களில் ஒருவர் எனக்குச் சொந்தம் என்று பளீல் நானாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டாம். உங்களிடம் சொல்லாமல் இருந்து ஒரு தடவை பட்டது போதும் என்பதால் எழுதுகிறேன்.

குமார்

*

ஓப்பநாயக்க
14.05.1996

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். மழையால் என் கால் வலி கூடியிருக்கிறது. கொழுந்து துளிர்த்துவிட்டது, கிழமைக்கு ஐந்து நாள் வேலை. மடுவத்தில் இன்னும் இரண்டு குழந்தைகள் சேர்ந்திருக்கின்றன.

உன் மச்சானை இருபத்தோராம் தேதி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் காது காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளனவே போக வேண்டும்.

நீ தைரியமாக இரு. கேட்டதற்கு உள்ளதைச் சொல். சாப்பிடாமல் போகாதே.

அக்கா

*

மீகஸ்தொட
22.05.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை இதைப் பழக்கத்துக்காக எழுதவில்லை.

நேற்றுப் பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மின்வெட்டு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. மூன்று பேரில் நடுவில் இருந்தவர் மெதுவாகப் பேசுகிறவர். கோபப்படவே இல்லை. என் ஊர், அப்பா பேர், யாழ்ப்பாணத்தில் யாராவது உண்டா, வவுனியாவுக்குப் போயிருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒன்பது அடியைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. பிறகு, யார் சொல்லி எழுதினாய் என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். “யாரும் சொல்லாமல் ஒருவன் எதற்காக இப்படிச் செய்வான்?” என்று கேட்டு, பேனாவை மூடி வைத்தார்.

அப்போது வாசலில் ஒரே சத்தம். காவலாளி யாரையோ தடுக்கிறார். காது கேளாதவர் பேசுகிற உரத்த குரல். மச்சான். வெளுத்த சட்டை, காதில் பஞ்சு. பக்கத்தில் பளீல் நானா.

உள்ளே விட்டார்கள். நடுவில் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மச்சானுக்குச் சிங்களம் தெரியும், அந்த மெதுவான குரல் கேட்கத்தான் இல்லை. மூன்று தடவை “ஆ? ஆ?” என்றார். பிறகு அந்த மனிதர் என்னைப் பார்த்து, அவருக்கு எடுத்துச் சொல் என்றார். நான் மச்சானின் இடது காதுக்குக் கிட்டப் போய், எனக்கு எதிரான கேள்வியை நானே கேட்டேன்.

“இந்திரகுமார் யாருக்காகப் பொய் எழுதினான்னு கேக்கிறாங்க.”

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். “எனக்காகத்தான். நான் இவனோட அக்கா புருசன். அந்தக் குழியத் தோண்டினது நான். பொலிஸ் பதிவு இல்லாம இருந்தேன், பிடிபட்ருவேன்னு இவன் பயந்துட்டான். வேற ஒண்ணும் இல்லைங்க மாத்தயா. இவன் அரசியலும் பேச மாட்டான், சீட்டும் ஆட மாட்டான்.”

“ஒரு ஊரே குடிக்கிற தண்ணீர் என்று உனக்குத் தெரியாதா?” இதையும் நான்தான் காதில் சொன்னேன்.

“தெரியுங்க. முங்கி இருக்கிறப்ப மூச்சு மட்டுந்தான் ஞாபகம் இருக்கும்.”

பளீல் நானா முன்னால் வந்து, கயிற்றை இறக்காதது தனக்கும் தெரியும், தன் மகள்தான் சாகக் கிடந்தவள், எழுதுவதானால் தன் பேரையும் எழுத வேண்டும் என்றார். இஞ்சினியர் மாத்தயா, இந்த மனிதர் ஆறு நாள் முங்கி மூட்டை அடுக்கியதையும் காது போனதையும் சொன்னார். நடுவில் இருந்தவர் ரொம்ப நேரம் மச்சானின் காதுப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

கவலையீனம் என்று எழுதினார், அக்கா. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, தலைகீழாக வாசித்தேன். பொலிஸ் இல்லை. மாத முடிவோடு எனக்கு வேலை இல்லை. பளீல் நானாவுக்கு எச்சரிக்கை. மச்சானுக்கு மணல் வழக்குத் தனியாக வரும், கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் மச்சான் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார், அப்போதுதான் நான் சொல்வது கேட்குமாம். விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பி, இரத்தினபுரியில் இறங்காமல் நேரே வந்துவிட்டதாகச் சொன்னார். பையைத் திறந்து சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார். இரண்டு பொட்டலம் இருந்தது, இரண்டும் நீங்கள் கட்டியது. ஒன்றை எனக்குத் தந்தார். கருவாடும் கத்தரிக்காயும். மூன்று நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பஸ் வரும்போது சொன்னார். “மாப்புள, இத அக்காவுக்கு எழுதுவீங்கதானே? அவ அனுப்பி வரல, நானாத்தான் வந்தேன்னு எழுதுங்க.”

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறேன்.

தம்பி,
இந்திரகுமார்